பிறர்பொருட்டு ஓடுதல் அறமாமோ?

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்தினின்றும் சைவ அன்பர் ஒருவர் எமக்கு எழுதி ஒரு வினாவை விடுத்திருக்கின்றார். அவ்வூர்த் தறிக்குடி ஒன்றிற் பிறந்து பெங்களூரில் தொழில் புரியும் இளைஞர் ஒருவர், அரிய நோயுற்ற குழந்தைகளின் பொருட்டு அந்நகரில் நடைபெற்ற ஓட்டத்திற் கலந்துகொண்டு, அதனை முன்னிட்டு உறவினரிடத்தும் ஊரவரிடத்தும் பொருள் வேண்டினாராம். சிலர் கொடுத்தனர், சிலர் நகைத்தனர். சாத்திரப் பயிற்சியுடையார் இருவர் மூவர், 'அக்குழந்தைகளின் நோய் முன்னை வினைப்பயன், நுகர்ந்தே தீரற்பாலது, இடையே புகுந்து ஓடுவதனால் ஆவதென்?' என்றனர். 'கொடுக்க விரும்புவோன் வீட்டிலிருந்தபடியே கொடுக்கலாமன்றோ? ஓடுவானேன்?' என்றனர் வேறு சிலர். இவ்விரண்டு கூற்றிற்கும் சித்தாந்தம் தரும் விடை யாது என்பதே அன்பர் வினா.

வினா சிறிதன்று. முதற்கூற்று வினைக்கொள்கையின் உயிர்நிலையைத் தொடுவது. இரண்டாவது, உடலின் உழைப்பிற்கும் அறத்திற்கும் உள்ள இயைபைத் தொடுவது. இரண்டினுள் இரண்டாவதே எமக்கு அரிதாகத் தோன்றுகின்றது. ஆயினும், இவ்வோட்டம் யாது, அவ்வரிய நோய் யாது என்பன தெரிந்தாலன்றி ஆராய்ச்சி நிலைபெறாதாதலின், அவற்றை முதற்கண் கூறுவாம்.

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஓரிடத்தின் பெயர். கி.மு. 490இல் ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகரை அங்கே வென்றனர். அவ்வெற்றியைச் சொல்ல ஓடிவந்த தூதன் ஒருவன், சொன்ன அளவிலே உயிர்நீத்தான் என்பது பிற்காலத்தார் உரைக்கும் கதை. அப்போரை விரித்தெழுதிய பழைய வரலாற்றாசிரியராகிய எரோதோத்தஸ் இக்கதையைக் கூறிற்றிலர். போருக்கு முன் துணைவேண்டி ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய தூதனையே அவர் கூறினார். அஃதெவ்வாறாயினும், 1896இல் ஒலிம்பிக் விளையாட்டு ஏதென்ஸிற் புதுப்பிக்கப்பட்டபோது அக்கதையின் நினைவாக நெடுவழி ஓட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. இன்று வழங்கும் 42.195 கிலோமீட்டர் என்னும் அளவு 1908இல் இலண்டனில் ஓடிய தொலைவாகும். 1921இல் அதுவே நிலையான அளவாகக் கொள்ளப்பட்டது.

இதனைப் பிறர் நோய்க்குப் பொருள் திரட்டும் வாயிலாக்கியவருள் உலகம் மறவாத ஒருவர் கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயால் 1977இல் ஒரு கால் இழந்த அவ்விளைஞர், 1980 ஏப்ரல் 12ஆம் நாள் அந்நாட்டின் கீழைக் கடற்கரையிற் புறப்பட்டு, மரக்கால் போன்ற செயற்கைக் காலுடன் நாடோறும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தொலைவு ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் சென்றபின் நோய் நுரையீரலிற் பரவியமையின் நிறுத்த நேர்ந்தது. நாட்டினர் தலைக்கு ஒரு டாலர் வேண்டுமென்பது அவர் கேட்டது. 1981 தொடக்கத்திலேயே அத்தொகை நிறைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். பஞ்சாபிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய பௌஜா சிங் என்னும் பெரியவர், 2000இல் தம் 89ஆம் வயதில் இலண்டன் மாரத்தானை முதன்முறை ஓடினார். குறைமாதத்திற் பிறந்த சிசுக்களைப் பேணும் அறநிலையம் ஒன்றன் பொருட்டு அவர் ஓடியது பலரும் அறிந்தது. நம் நாட்டில் மும்பை மாரத்தான் 2004இலும், கோயம்புத்தூர் மாரத்தான் 2013இலும் தொடங்கின. பின்னது கோவைப் புற்றுநோய் அறக்கட்டளையின் பொருட்டு நடப்பது. அன்பர் குறித்த பெங்களூர் ஓட்டமோ, அரிய நோயாளர்க்கென அமைந்த அகில இந்திய அமைப்பொன்றால் 2016இல் தொடங்கப்பெற்ற 'ரேஸ் ஃபார் செவன்' என்பதாதல் வேண்டும். உலகில் அறியப்பட்ட அரிய நோய்கள் ஏறத்தாழ 7,000 என்பதனைக் குறித்து அதன் தொலைவை 7 கிலோமீட்டராக வைத்தனர். 42 கிலோமீட்டர் அன்றே என்று குறைகூறுவார் கூறுக. எமது ஆராய்ச்சிக்குத் தொலைவு பொருளன்று.

இனி நோய். ஆயிரம் பேரில் ஒருவர்க்கோ அதனினும் அருகியோ காணப்படும் வாழ்நாள் நோயை உலகச் சுகாதார நிறுவனம் அரிய நோய் என வகுக்கின்றது. இவற்றுட் பெரும்பாலன மரபணுவின் குறையால் வருவன. தாயும் தந்தையும் யாதொரு நோயுமின்றி வாழ்பவராகவே இருப்பர். இருவர்பாலும் மறைந்துநின்ற ஒரே குறை கூடும்போது, ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோயுடன் பிறத்தற்கு இடமுண்டு. நம்மவர் வழக்கமாகிய மாமன் மகள், அக்காள் மகள் மணம் இக்கூட்டத்தை மிகுவிக்கும் என்று மருத்துவர் பல்லாண்டாகக் கூறி வருகின்றனர். தசைச்சிதைவு நோயின் ஒருவகை ஆண் மகவையே பெரும்பாலும் பற்றுவது. ஓடி விளையாடிய சிறுவன் படியேற மாட்டாதவனாகி, பன்னிரண்டு வயதளவில் சக்கர நாற்காலியை அடைகின்றான். அறிவு மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கின்றது.

நோயாளர் சிலராதலின், அவர்க்கு மருந்து காண்பதில் வாணிகர்க்கு ஊதியமில்லை. கண்டாலும் அதன் விலை வானளாவுகின்றது. முதுகுத்தண்டின் நரம்பணுக்கள் மாய்ந்து தசை மெலியும் நோய்க்கு 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்தொன்று ஒருமுறை செலுத்தப்படுவது. இந்தியாவில் அதன் விலை ஏறக்குறைய 16 கோடி ரூபாய் எனப் பேசப்பட்டது. மத்திய அரசு 2021இல் அரிய நோய்க்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2022இல் ஒரு நோயாளர்க்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவலாம் என அதனைத் திருத்திற்று. 2023இல் அத்தகைய மருந்துகளைத் தனியார் தம் பயன்பாட்டிற்கு வருவித்தற்குரிய இறக்குமதி வரியை நீக்கிற்று. நல்லன செய்தனர். ஆயினும் 50 லட்சத்திற்கும் 16 கோடிக்கும் இடையிலுள்ள வெளியில் நிற்பவர் தாய்தந்தையர். சேலம் நாமக்கல் பகுதிக் குழந்தைகளின் பொருட்டும் இவ்வெளியைப் பொதுமக்கள் சிறுசிறு தொகையால் நிரப்ப முயன்றதை இப்பக்கத்து அன்பர்கள் அறிவர்.

முதற்கூற்றுக்கு வருவாம். வினைப்பயன் நுகர்ந்தே தீரற்பாலது என்பதில் ஐயமில்லை. எடுத்த உடம்பிற்கென முகந்துகொள்ளப்பட்டது பிராரத்தம். அது தானே வந்து உயிரைப் பற்றுவதன்று. சடமாதலின் இறைவன் கூட்டக் கூடுவது. இதுவே நம் ஆசிரியன்மார் நிறுவியது. கூட்டுவோன் எங்ஙனம் கூட்டுகின்றான்? அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் காட்டிய உவமை மருத்துவன் உவமை. மருத்துவன் சில நோயை அறுத்தும் கீறியும் தீர்ப்பான். சில நோயை இனியன கொடுத்துத் தீர்ப்பான். கையிரண்டும் ஒருவனுடையனவே. நோயாக வருவது அவன் ஆணை வழியது எனின், நோய்க்கு மருந்தாகவும், மருந்துக்குப் பொருளாகவும், பொருளைத் தேடி ஓடும் காலாகவும் வருவது மட்டும் யார் ஆணை வழியது? வினையின் பெயரால் ஒருகையை ஒப்பி மறுகையை மறுப்பார், வினையை இறைவனினும் மேலாக வைத்தவராவர். அது மீமாஞ்சகர் வழியேயன்றி நம் வழியன்று.

அற்றேல், அக்குழந்தை நுகரவேண்டிய துன்பத்தை மருந்து குறைத்துவிட்டால் வினை எஞ்சாதோ எனின்: எஞ்சுமளவும் தீருமளவும் நீவிரும் யாமும் அறியற்பாலன அல்ல. தீர்ந்தபின்னரே, 'இத்துணையே நுகர இருந்தது' எனக் கூறத்தகும். முன்னரே அளந்து வைத்துக்கொண்டு, 'இக்குழந்தைக்கு இன்னும் உளது. ஆதலின் கொடேன்' என்பான், இறைவன் கணக்கைத் தன் மடியில் வைத்திருப்பவன்போலப் பேசுகின்றான்.

இக்கூற்றுக்குச் சாத்திரத்தினும் தெளிவான விடையைக் கொங்கு மண்ணும் அதனைச் சூழ்ந்த நிலமுமே வைத்திருக்கின்றன. கொல்லிமழவன் மகளை நினைமின். கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தது. அம்மலைநாட்டுத் தலைவனாகிய மழவனுடைய அருமை மகள் முயலகன் என்னும் கொடுநோயால் மயங்கி வீழ்ந்தாள். மந்திரமும் மருந்தும் பயன்படாமையின், தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருக்கோயிற் சந்நிதியிற் கொணர்ந்து கிடத்தினான். திருஞானசம்பந்தப் பிள்ளையார் அங்கெழுந்தருளியபோது அவள் நினைவின்றி நிலத்தே கிடந்தாள். சேக்கிழார் பெருமான் இவ்விடத்தைக் கூறுமாற்றை ஊன்றி நோக்குவார் ஒன்று காண்பர். 'இப்பெண் முற்பிறப்பிற் செய்தது யாது?' என்று பிள்ளையார் வினவவில்லை. 'மழவ, இது நின் வினை' என்றும் கூறவில்லை. இப்பேதையை இவ்வாறு வாடவிடுதல் இறைவனது பெருமைக்குத் தகுமோ என்று இறைவனையே வினாவினார்; பதிகம் முழுதும் அவ்வினாவாகவே செல்கின்றது. அவள் எழுந்து தந்தையின் பக்கல் வந்து நின்றாள். முயலகன் நோயை அக்காலத்து அரிய நோய் என்று நாம் கொள்ளின் பிழையில்லை.

இனித் திருக்கொடிமாடச் செங்குன்றூர், நம் திருச்செங்கோடு. அங்கே பிள்ளையார் தங்கியிருந்த பனிக்காலத்தில் உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. 'இது இந்நாட்டின் இயல்பு' என்று அவர்கள் விண்ணப்பித்தனர். இயல்பென்று பிள்ளையார் வாளாவிருந்தாரா? திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் அருளினார். அடியார்க்கேயன்றி அந்நாடு முழுதுக்குமே அந்நோய் அன்று நீங்கிற்று என்பது புராணம். திருநீலகண்டம் யாது? பிறர்க்கு வந்த நஞ்சைத் தான் ஏற்றுத் தாங்கிய கண்டம். வினையைப் பற்றிய அப்பதிகம் அத்திருப்பெயரையே பற்றி நிற்றல் தற்செயல் அன்று.

யாம் ஒன்று துணிந்து கூறுவோம். வினை என்னுஞ் சொல் ஒருவன் தன்னைக் குறித்துச் சொல்லற்பாலது. பிறனைக் குறித்துச் சொல்லற்பாலதன்று. சூலையால் வருந்திய மருள்நீக்கியார் தம் கொடுமைகளைத் தாமே எண்ணி இறைவன்பால் முறையிட்டார். தமக்கையார் திலகவதியாரோ, புறச்சமயம் புக்க தம்பியை நோக்கி 'நின் வினை' என்றாரல்லர். திருநீறு கொடுத்துக் கைப்பற்றித் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயுற்ற குழந்தையின் தாயைப் பார்த்து, 'யார் செய்த பாவமோ' என்பார் இருக்கும்வரை அத்தாய் குழந்தையை வெளியிற் கொணராள், திருவிழாவிற்கும் கொணராள், மருத்துவனிடத்தும் காலந்தாழ்த்தே கொணர்வாள். சொற்பொழிவு மேடையில் வினைக்கொள்கையை விளக்கும் நம் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. கேட்போருள் அத்தகைய தாயொருத்தி எப்போதும் இருக்கின்றாள் எனக் கொண்டே பேசுக.

இனி இரண்டாங்கூற்று. கொடுப்பவன் கொடுக்கட்டும், ஓடுவானேன்?

இதற்கு எளிதில் விடை கூறுவார், உடலுழைப்பாற் செய்யும் திருத்தொண்டிற்குக் கலியநாயனாரை எடுத்துக்காட்டுவர். திருவொற்றியூரில் திருவிளக்கிட்டு வந்த அவர், செல்வம் தேய்ந்தபின் கூலிக்குச் செக்காடி, அக்கூலியால் விளக்கெரித்தார். ஆயின் செக்கு எண்ணெயைத் தந்தது. எண்ணெய் கூலியைத் தந்தது. ஓட்டம் எதனைத் தருகின்றது? வந்தியின் பொருட்டு வைகைக்கரையில் மண்சுமந்த பெருமானார் செயலையும் காட்டுவர். மண் கரையாயிற்று. ஓடுபவன் காலடியில் ஒரு கூடை மண்ணும் இடம்பெயர்வதில்லை. பெங்களூர்ச் சாலை ஓடுவதற்கு முன் எவ்வாறு இருந்ததோ, பின்னும் அவ்வாறே இருக்கின்றது. உழைப்பு என்ற அளவில் ஓட்டம் பயனற்றதே. இதனை மறைத்துப் பேசுதல் தகாது.

துன்பமே தவமாதலின் ஓடி வருந்துதல் புண்ணியம் எனின், அதுவும் பொருந்தாது. உடலை வருத்துதலையே அறமாகக் கொண்டது சமணர் நெறி. நம் சமயம் தனுகரண புவனபோகங்களை இறைவன் உயிர்க்கு உதவிய கருவியாகக் கொள்வது. கருவியைத் தேய்த்தலில் தனிச்சிறப்பில்லை. திருநாவுக்கரசர் கயிலை காணப் புறப்பட்டு, கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் சென்றார். உடம்பு முற்றும் ஓய்ந்த நிலையில் இறைவன் முனிவனாய் வந்து தடுத்து, திருவையாற்றிற் கயிலைக் காட்சியைத் தந்தான். உடல் தேய்ந்தது அன்பின் விளைவேயன்றி, காட்சிக்கு விலையன்று. மார்பு வலியையும் மயக்கத்தையும் பொருட்படுத்தாது ஓடி உயிரிழப்பார் செய்தி நாளிதழ்களில் இடையிடையே வருகின்றது. அவரை வீரராக்கி எழுதுதல் தவறு. பயிற்சியின்றியும் மருத்துவர் ஆய்வின்றியும் ஓடுவான், ஒரு குடும்பத்தின் துயரைத் தீர்க்கப் புகுந்து மற்றொரு குடும்பத்தைத் துயரில் ஆழ்த்துவான்.

உழைப்பாகவும் அன்று, தவமாகவும் அன்று எனின், ஓட்டம் வேறென்னை? எமக்குத் தோன்றுவது இது: அஃது இரத்தலின் ஒருவகை.

16 கோடி வேண்டிநிற்கும் தாய்தந்தையரை நினைத்துப் பார்மின். அவர்க்கு வந்த முதற்றுன்பம் குழந்தையின் நோய். இரண்டாந்துன்பம், முன்பின் அறியாதார் முன் கைந்நீட்டல். கையிற் கொண்ட தொழிலால் பிறர் கடைவாயில் மிதியாது வாழ்ந்தவர் அவர். தறியின் முன்னிருந்த தந்தை இன்று குழந்தையின் படத்தை ஏந்தி நிற்கின்றான். திருவள்ளுவனார் இரவச்சம் என ஓரதிகாரமே வகுத்தது இந்நிலையை அறிந்தன்றோ? அவ்விரவை வேறொருவன் தான் ஏற்கின்றான். தனக்கென யாதும் வேண்டாதவனாகிய அவன், உறவினர் நகைப்பையும், 'இவனுக்கு வேறு வேலையில்லை' என்னுஞ் சொல்லையும், தராதார் முகக்குறிப்பையும் தன்மேல் ஏற்றுக்கொள்கின்றான். ஜலகண்டாபுரத்தில் அவ்விளைஞரைச் சிலர் நகைத்தனரே, அந்நகைப்புத்தான் அவர் செய்த தொண்டின் பெரும்பகுதி. ஓடிய 7 கிலோமீட்டர் அதன் சிறுபகுதி.

வந்தியின் கதையும் இப்போதே நன்கு பொருந்துகின்றது. கரையடைக்கும் பங்கு வந்திக்கு வந்தது. செய்ய மாட்டாத முதியவள். பெருமானார் அவள் பங்கைத் தாம் ஏற்றார். அவள் வினையை ஏற்றார் என்பதன்று; ஒருவன் வினைப்பயனை மற்றொருவன் நுகர்தல் கூடாது என்பது நம் துணிபு. ஏற்றது அவள் கடமையை. கடமை கைமாறும், வினைப்பயன் கைமாறாது. அக்கடமையோடு வந்த பிரம்படியையும் ஏற்றார். அவ்வடி அரசன் முதல் எல்லாவுயிர்மேலும் பட்டது. ஓடுபவன் குழந்தையின் நோயை ஏற்கமாட்டான். தாய்தந்தையர் தலைமேல் வந்துற்ற இரவுக்கடமையை ஏற்கலாம். அதில் வரும் அடியும் அவனுக்கே.

அற்றேல் ஓடாமலே இரக்கலாகாதோ எனின், ஆகும். ஆயினும் இரப்பான் ஒருவன் தன்பால் ஒன்றையும் வையாது பிறர் பொருளை மட்டும் கேட்பின், கேட்கப்பட்டவர் உள்ளம் இறுகும். 'யான் விடியலில் எழுந்து பல திங்கள் பயின்றேன். என் உடம்பை முன்வைக்கின்றேன். நீவிர் உம் பொருளை வைம்மின்' என்பது ஓட்டம் பேசும் மொழி. அஃது ஓர் ஈடு. ஈடு தானே பொருளாவதில்லை. கேட்பவன் சொல்லுக்கு உறுதியாகின்றது.

இது நம்மவர்க்குப் புதிதுமன்று. ஜலகண்டாபுரத்துக்கு அணித்தாகிய எடப்பாடியினின்று ஆண்டுதோறும் தைப்பூசத்தை யொட்டிக் காவடியெடுத்துப் பழனிக்கு நடந்து செல்லும் பெருங்கூட்டத்தை அப்பக்கத்தார் யாவரும் அறிவர். பேருந்தும் புகைவண்டியும் இருக்க நடப்பானேன் என்று அவர்களை வினவுவாரில்லை. வழிநெடுக நீர்மோரும் சோறும் கொடுப்பார், நடப்பவன் உடம்பைக் கண்டே கொடுக்கின்றனர். வீட்டிலிருப்பவன் கேட்டிருந்தால் அவ்வளவு கொடுத்திரார். நடை கொடையைத் தூண்டும் என்பதை நம் ஊர்கள் மாரத்தான் என்னும் பெயர் வருதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தன. வேறுபாடு ஒன்றுண்டு. காவடி எடுப்பார் முருகனை நினைந்து நடக்கின்றனர். ஓடுபவர் எதனை நினைந்து ஓடுகின்றனர்?

இங்கேதான் பசுபுண்ணியம் சிவபுண்ணியம் என்னும் வேறுபாடு வருகின்றது. 'யான் செய்தேன், எனது செயல்' என்னும் முனைப்போடு செய்த நல்வினை பசுபுண்ணியம். போகத்தைத் தந்து, தீர்ந்தவுடன் மீண்டும் பிறப்பில் விடுவது. தக்கன் வேள்வி பெரிய அறமே. பயன் யாதாயிற்று என்பது யாவரும் அறிந்தது. ஓட்டத்தில் இம்முனைப்பு புகுதற்கு வாயில் பல. மார்பில் எண், முடிவிற் பதக்கம், கைக்கடிகாரம் காட்டும் நேரம், உடனுக்குடன் எங்கும் பரவும் நிழற்படம், வணிக நிறுவனங்களின் பெயர் பொறித்த மேற்சட்டை. ஓடியவன் பெயர் எல்லார்க்கும் தெரிகின்றது. எந்நோய்க்கு ஓடினான் என்று கேட்டால் அவனே தடுமாறுவதுண்டு. அத்தகைய ஓட்டம் உடம்புக்கு நல்லது, அவ்வளவே. ஆயினும் பசுபுண்ணியம் என்று கூறி அதனைத் தள்ளுதற்கும் யாம் உடன்படோம். கொடுத்த பொருள் குழந்தையைச் சென்று சேர்கின்றது. கொடுத்தவனுடைய ஆணவம் அக்குழந்தையைச் சேர்வதில்லை. முனைப்பின் கேடு செய்தவனுக்கே. பயன் பெற்ற உயிர்க்கு அதனால் இழுக்கில்லை. 'உன் அறம் பசுபுண்ணியம்' எனப் பிறனை நோக்கிக் கூறுதலும், 'உன் நோய் வினை' எனக் கூறுதலும் ஒருதன்மையவே. பலிதேர்ந்த பெருமானை நினைந்து இரப்பானுக்கு இரத்தல் சிவபுண்ணியமாகும். தாருகவனத்தில் அவன் கையேந்தியது தனக்கொரு குறையுண்டாகியன்று.

மற்றொரு தடை உண்டு. ஊரார் அதனை எழுப்பவில்லையாயினும் யாமே எழுப்புதல் நேர்மை. ஒரு குழந்தைக்கு 16 கோடி செலவிடும் நாட்டில், அப்பொருளைக் கொண்டு காய்ச்சலாலும் கழிச்சலாலும் மெலியும் பல்லாயிரம் குழந்தைகளைக் காக்கலாமன்றோ? இவ்வினாவை இரக்கமற்றதென்று ஒதுக்குவார் உளர். யாம் ஒதுக்கோம். அரசு தன் கருவூலத்தைப் பங்கிடும்போது இக்கணக்கைப் பார்த்தே தீரவேண்டும். அதனாலேயே கொள்கையில் ஓர் எல்லை வைத்தது. ஆனால் அரசின் கணக்கு வேறு, உயிரின் மதிப்பு வேறு. உயிர்கள் பல, ஒவ்வொன்றும் அநாதி என்பது நம் சித்தாந்தம். உயிர்க்கூட்டம் என ஒரு திரளை வைத்து, அதில் ஒன்று குறையினும் திரள் குறையாது என்று கூற நமக்கு இடமில்லை. இறைவன் ஐந்தொழில் செய்வது ஒவ்வோருயிரின் பொருட்டும். ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் இதனை நூலின்றியே அறிவர்: பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் செல்லினும், ஓரிழை அறுந்தால் தறியை நிறுத்தி அதனை முடிந்த பின்னரே நெய்வர். மற்ற இழைகள் இருக்கின்றனவே என்று ஓட்டிச் செல்வான் நெய்த துணியைச் சந்தையில் வாங்குவாரில்லை.

ஆயினும், திரட்டிய பொருள் ஒரே மருந்தில் ஒரே நாளிற் செலவாதலினும், நெடுநாட் பேணுதலிற் செல்லுதலே ஓட்டங்களுக்கு ஏற்றது என்பது எம் கருத்து. பெரும்பாலான அரிய நோய்க்கு எவ்விலை கொடுப்பினும் மருந்தில்லை. வேண்டுவன சக்கர நாற்காலி, மூச்சுக்கருவி, தசைப்பயிற்சி தருவோர், குழந்தையைச் சிலபொழுது பார்த்துக்கொண்டு தாயை உறங்கவைக்கும் ஒருவர், இந்நோய் இன்னது என்று தொடக்கத்திலேயே கூறவல்ல சோதனை ஆகியனவே. இதற்குத் தொலைவிற் செல்ல வேண்டா. சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்னும் உடன்பிறந்தார் இருவரும் தாமே தசைச்சிதைவு நோயுற்றிருந்து, அந்நோயாளர்க்கென ஆதவ் அறக்கட்டளையை நிறுவினர். எழுந்து நடக்க மாட்டாதவர், தம்போன்றார்க்குப் புகலிடம் அமைத்தனர். கால் உடையார் ஓடிச் செய்வதினும் அது பெரிது என்று கூற யாம் அஞ்சோம்.

அன்பர் தம் கடிதத்தின் இறுதியில், வரும் ஆண்டில் ஜலகண்டாபுரத்தினின்று தாரமங்கலம் கைலாசநாதர் திருக்கோயில் வரை அத்தகைய ஓட்டம் ஒன்று நடத்தலாமா என இளைஞர் சிலர் எண்ணுவதாகவும், சைவ சபையார் அதில் முன்னிற்றல் தகுமா என்றும் கேட்டிருக்கின்றார். தாராளமாக நிற்கலாம். விடியலில் வெயிலேறுமுன் தொடங்குக. ஓட மாட்டாதார் நடக்க. திரண்ட பொருளின் கணக்கைக் கோயில் வாயிலிலே அன்றே படித்துவிடுக. நோயுற்ற குழந்தைகளை வண்டியிலேற்றிக் காட்சிப்பொருளாக்க வேண்டா. அவர் வர விரும்பின் முன்வரிசையில் அமரட்டும், மேடைமேல் அன்று. சக்கர நாற்காலி செல்லும்படி பலகைச் சரிவு ஒன்றை முன்னரே செய்து வைத்தல் நலம்; நம் திருக்கோயில்களின் வாயிற்படிகள் பலவும் உயரமானவை. ஓடும்போது ஐந்தெழுத்தை ஓதலாமோ என்றும் கேட்டிருக்கின்றார். மூச்சு இடங்கொடுத்த அளவில் ஓதலாம். மூச்சிரைக்குங்கால் மானதமாக எண்ணுதல் போதும். திரட்டும் பொருளை எந்நோய்க்கு, எவ்விடத்துக்கு அனுப்ப எண்ணுகின்றனர் என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. அதனை அறிந்தபின் எஞ்சியவற்றை எழுதுவாம்.